இழுக்கிறது யார்

மார்ச் 3, செவ்வாய்

இன்று கடைக்கு வந்த முதல் கோட்டிலேயே வாந்திக் கறை. கொண்டுவந்த ஆள் கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "டீ கொட்டிடுச்சும்மா" என்கிறார். டீயில் எங்கே ஐயா கேரட் மிதக்கும்? கேட்கவில்லை. சிரித்த முகமாக ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு, விரல் நுனியால் கோட்டைத் தூக்கி உள்ளே போட்டேன். டிரை கிளீனிங் கடையின் கவுண்டரில் உட்கார ஆரம்பித்த பிறகு மனிதர்கள்மேல் எனக்கு இருந்த மரியாதையில் பாதி போய்விட்டது. மீதியை வீட்டில் இருக்கிறவர் பார்த்துக்கொள்கிறார்.

இவர் தன் தங்கையின் அறையை ஸ்டூடியோ ஆக்கிவிட்டார். அவள் இன்னும் கிளம்பவே இல்லை! இந்த மாதக் கடைசியில்தான் பயணம். வெளிநாட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. போனால் எப்போது திரும்புவாள் என்று அவளுக்கே தெரியாது. அதற்குள் அவள் கட்டிலைச் சுற்றிப் பழைய கம்பளிகளையும் பிய்ந்த மெத்தைகளையும் ஆணியடித்துத் தொங்கவிட்டாயிற்று. ஜன்னலுக்கும் ஒரு கம்பளி. காற்று நுழைய வழியில்லை. அறை முழுக்க யாரோ காய்ச்சலில் படுத்து எழுந்த வாடை.

"எதிரொலி வரக்கூடாதுல்ல. அவ போறதுக்குள்ள உங்க ரெண்டு பேர் பாட்டையும் பதிவு பண்ணியாகணும்."

காரணம் என்னவோ நல்ல காரணம்தான். நானும் நாத்தனாரும் துணி மடித்துக்கொண்டே பாடுவோம். மெட்டு அவளுடையது, வார்த்தை என்னுடையது. கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் வந்தபோது எனக்கென்று முதலில் கிடைத்தது அவள் குரல்தான். நான் சமையலறையில் முணுமுணுத்த ஒரு வரிக்கு அவள் கூடத்திலிருந்து பதில் பாடினாள். அன்றிலிருந்து பாடுகிறோம், ஒரு பாட்டைக்கூட எங்கும் பதிந்து வைத்ததில்லை. அவள் போய்விட்டால் அவ்வளவும் காற்றோடு சரி. அதனால்தான் அந்த வாடையைப் பொறுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் 5, வியாழன்

சேர்ந்து பாடக்கூடாதாம்!

"ஒவ்வொருத்தரா பாடினாத்தான் சுத்தமா வரும். முதல்ல என் கிட்டாரை ஏத்திடுறேன். அதைக் காதுல கேட்டுக்கிட்டே அவ பாடுவா. அது ரெண்டையும் கேட்டுக்கிட்டே நீ பாடுவ. ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிக்கலாம்."

அடுக்க இதென்ன இஸ்திரி போட்ட சட்டையா?

இவருக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்ட் கதவு திறந்ததும் மற்றவர்கள் வெளியே போவார்கள், இவர் குனிவார். லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நூலிழை ஏறியிருந்தாலும் முகத்தைச் சுளிப்பார். அப்படிப்பட்ட மனுஷர் பதிவையும் மட்டமாகச் செய்வார் என்று நம்பினேன். மட்டமாகத்தான் செய்கிறார், வேறு அர்த்தத்தில்.

புது ஹெட்போன் வாங்கியிருக்கிறார். கறுப்பாக, பளபளவென்று. "ஒயரே கிடையாது பாரு!" என்று எல்லாரிடமும் காட்டுகிறார், ஏதோ பிள்ளை பெற்றவர் மாதிரி. பழைய ஒயர் ஹெட்போனை அலமாரியில் போட்டாயிற்று.

இன்று சாயங்காலம் நாத்தனார் பாடினாள். எனக்கு உள்ளே அனுமதி இல்லை. கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். கிட்டார் அவள் காதுக்குள் மட்டும் ஓடுகிறது. எனக்குக் கேட்டதெல்லாம் வெறும் குரல். துணையில்லாமல் அவள் பாடி நான் கேட்டதே இல்லை. கையில் மடிப்பதற்குத் துணிகூட இல்லாமல் என்னமோ போல் நின்றேன்.

வெளியே வந்தவள் முகம் சரியில்லை. "நல்லா வந்துச்சா?" என்றேன். "அண்ணனைக் கேளுங்க" என்றாள்.

மார்ச் 8, ஞாயிறு

இன்று என் முறை. எழுதும்போதே உடம்பு கூசுகிறது.

மின்விசிறியை அணைத்துவிட்டார், சத்தம் வருமாம். மைக்கை எங்கே வைத்தார் தெரியுமா? பாவம், நாத்தனார் பயணத்துக்கு வாங்கிய புதுப் பெட்டியின் மேல். மைக்குக்குப் போட்ட பஞ்சு உறையில் இவர் வாயின் வாடை. காலையில் "ஹலோ ஹலோ" என்று ஒரு மணி நேரம் எச்சில் தெறிக்கப் பரிசோதித்தாராம். ஹெட்போன் காதில் வைத்ததும் சில்லென்று ஈரம். யார் வியர்வை என்று யோசிக்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பாட ஆரம்பித்ததும் என் குரல் என் காதில் பின்னாலேயே வந்தது. நான் ஒரு சொல்லை முடித்த பிறகு அதே சொல்லை எவளோ திருப்பிச் சொல்கிறாள். பள்ளிக்கூடத்தில் முதுகுக்குப் பின்னால் நின்று பழிப்புக் காட்டுவார்களே, அப்படி. என் குரல் இவ்வளவு கேவலமா? மூக்கிலிருந்து வருகிற, கெஞ்சுகிற குரல். சீ!

"எனக்கே நான் லேட்டா கேக்குது" என்றேன்.

"அதைக் கண்டுக்காத. கிட்டாரை மட்டும் கேளு."

கண்டுகொள்ளாமல் பாடினேன். பிறகு அடுக்கியதைப் போட்டுக் காட்டினார். கிட்டார் ஒரு பக்கம் போகிறது, நான் செருப்பு அறுந்தவள் மாதிரி பின்னால் வருகிறேன்.

"இழுக்குற" என்றார்.

"நான் எங்கே இழுக்குறேன்? தாளத்துலதான் பாடினேன்."

"மெஷின் பொய் சொல்லாது. அதுவும் இல்லாம, நானா ஒண்ணும் சொல்லல. தங்கச்சிக்கே அப்படித் தோணுதாம். அண்ணி எப்பவுமே கொஞ்சம் இழுப்பாங்கன்னா."

மார்ச் 9, திங்கள்

எப்பவுமேயாம். த்தூ.

மார்ச் 12, வியாழன்

இத்தனை வருஷம் கூடப் பாடியவளுக்கு என்னிடம் நேரே சொல்ல வாயில்லை, அண்ணனிடம் போய்ச் சொல்கிறாள். காலையில் தட்டு வைத்தேன். "போதுங்க அண்ணி" என்றாள். எப்போதும் 'போதும் அண்ணி' என்பவள், அந்த 'ங்க' எப்போது முளைத்தது? நானும் சளைக்கவில்லை. "சரிங்க" என்றேன்.

நேரே கேட்டால்தான் என்ன? கேட்க மாட்டேன். அவள் போகிற நேரத்தில் சண்டை போட்டேன் என்ற பெயர் எனக்கு எதற்கு.

கடையில் நீராவி இஸ்திரி மெஷின் ஒரே சீராகப் புஸ், புஸ் என்று விட்டுக்கொண்டிருக்கும். இன்று அதோடு சேர்ந்து பழகினேன். புஸ் வருவதற்கு ஒரு துளி முன்னாலேயே என் சொல் விழ வேண்டும். முதலில் நாக்கு கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் வந்துவிட்டது. இஸ்திரி போடுகிறவர் வேடிக்கை பார்த்துவிட்டு, "என்னம்மா, மெஷினோட ரேஸா?" என்றார்.

ஆமாம், ரேஸ்தான். இழுக்கிறேன் என்று இனி ஒரு பிறவி என்னைச் சொல்லட்டும் பார்க்கலாம்.

மார்ச் 14, சனி

பழக்கம் வேறு எங்கேயோ தாவிவிட்டது. ஒரு அம்மாள் புடவையை நீட்டி வாயைத் திறப்பதற்குள், "டீதானே?" என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் போன போக்கு! நிஜமாகவே டீயாம். முதலாளியம்மா என்னை உள்ளே கூப்பிட்டு, "வர்றவங்க சொல்லி முடிக்கட்டும்" என்றாள்.

மாலையில் திரும்பப் பாடினேன். அவளையும் இவர் நேற்றே திரும்பப் பாடவைத்திருந்தார். என் காதில் வரும் அந்தப் பழிப்புக்காரியை மதிக்காமல், கிட்டாரையும் மதிக்காமல், எல்லாவற்றுக்கும் முன்னால் போய் நின்று பாடினேன். பாட்டு மாதிரியே இல்லை, பஸ்ஸில் இடம் பிடிப்பது மாதிரி இருந்தது. இவர் கேட்டுவிட்டு, "பரவாயில்ல, தேறிட்ட" என்றார்.

தேறிவிட்டேனாம். நான் எழுதிய வார்த்தைகள், அவள் போட்ட மெட்டு. 'நீ வருமுன்னே வந்துவிடும் உன் காலடிச் சத்தம்' என்பது முதல் வரி. அதை எழுதிய அன்று இருவரும் படுக்கை விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். 'சத்தம் வந்தும் நீ வரவில்லை, வாசலில் வெறும் வெளிச்சம்' என்று அந்த முனையிலிருந்து அவள் பாடிய பதில் இப்போது கம்ப்யூட்டரில் எங்கோ ஒரு கோடாகக் கிடக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

காலை முழுக்க இவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். நாத்தனாருக்குத் தன் அறையில் நுழைந்து துணி எடுக்கவே அனுமதி கேட்க வேண்டியிருந்தது. மத்தியானம் வெளியே வந்தார். எங்கள் இருவரையும் பார்க்காமல், நடுவில் இருந்த நாற்காலியைப் பார்த்துச் சொன்னார்:

"இப்ப என்னன்னா, முந்துது."

"யாரு?" என்றேன்.

"பொதுவா."

பொதுவாவா? முந்தாநாள் வரைக்கும் இழுத்தேன், இன்னிக்கு முந்துறேன். என்னதான் வேணும் இந்த மனுஷனுக்கு? நானென்ன பஸ்ஸா, சீக்கிரம் வந்தாலும் திட்டு, லேட்டா வந்தாலும் திட்டு? ஒரு குடும்பத்துக்குள்ள பாடுறதுக்கு இவ்வளவு அசிங்கப்படணுமா? பேனாவை அழுத்தியதில் பக்கம் கிழிந்துவிட்டது. போகட்டும்.

மார்ச் 18, புதன்

மூச்சு முட்டுகிறது என்று நாத்தனார் ஜன்னல் கம்பளியைக் கழற்றினாள். இவர் வேலையிலிருந்து வந்து திரும்ப மாட்டினார். நான் அந்தப் பக்கம் போனபோது அவள் பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தனியாகவே மடித்திருக்கிறாள், ஓரம் ஒன்றுகூடச் சேரவில்லை.

"அண்ணி, நீங்க என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"என்னத்தை?"

"ஒண்ணுமில்ல."

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! புறம் பேசியது இவள், நேரே சொல்லவில்லை என்று குறைப்படுவதும் இவளே. திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன்.

அவள் இங்கே வேலை பார்க்கிற பரிசோதனைக் கூடத்தில் இன்று வழியனுப்பு. வேலை முடிந்ததும் கேன்டீனில் நாற்காலிகளை ஓரம் தள்ளி எல்லாரும் கூடியிருந்தார்கள். இவரும் வந்திருந்தார், அந்தக் கட்டடத்து லிஃப்டைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் மேலே வந்தார். "அண்ணியும் நீயும் ஒரு பாட்டு" என்று பிடித்துக்கொண்டார்கள். மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. மைக் இல்லை, கிட்டார் இல்லை, காதில் எதுவும் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். எவ்வளவு நாளாயிற்று.

முதல் வரி நான். கடைசிச் சொல்லின் வாலை நான் இன்னும் விடவில்லை, அதற்குள் அவள் பதில் வரி வந்து விழுந்தது. 'என்ன அவசரம் இவளுக்கு' என்று நினைத்து, விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அடுத்த வரியை அவளுக்கு முன்னால் எடுத்தேன். அவள் அதற்கும் முன்னால். நான் அதற்கும் முன்னால். கை தட்டிக்கொண்டிருந்தவர்களால் எங்களோடு வர முடியவில்லை. ஒருவர் தட்டுவதையே நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்தார். சேர்ந்து பாட வேண்டிய கடைசிச் சரணம் இருக்கிறதே, அதில் சொல்லே இல்லை, வெறும் எழுத்துகளாகக் கொட்டின. நிற்கத் தெரியாமல் ஓடி, எங்கேயோ முட்டி முடிந்தது.

பிறகு சிரிப்பு. "ஃபிளைட் இன்னிக்கேவா?" என்று ஒரு டாக்டர் கேட்க, இன்னும் பெரிய சிரிப்பு. அவள் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கை கழுவும் இடத்துக்குப் போனாள். நானும் போனேன்.

"ஏன் அண்ணி இப்படி ஓடினீங்க?"

"நானா? நீதான்டி என்னை முடிக்கவே விடாம மேல வந்து விழுந்த."

"இழுக்கறேன்னு நீங்கதானே சொன்னீங்க! அதான் முந்திப் பாடிப் பழகினேன். குளிக்கும்போது, பஸ்ல போகும்போது, எப்பப் பாத்தாலும் இதே வேலை."

"நான் எப்ப சொன்னேன்? யாருகிட்ட சொன்னேன்?"

"அண்ணன்கிட்ட. 'அண்ணிக்குத் தோணுதாம், நீ எப்பவுமே கொஞ்சம் இழுப்பியாம்'னு."

குழாயை மூட மறந்து நின்றேன். "என்கிட்ட நீ சொன்னதா சொன்னார்" என்றேன். "அதே வார்த்தை. எப்பவுமே கொஞ்சம்."

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "எருமை" என்றாள். என்னைச் சொல்லவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வாரமாக ஒருத்தி வைத்த தட்டை இன்னொருத்தி முகம் கொடுத்து வாங்கவில்லை, இந்த ஆள் நடுவில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மார்ச் 21, சனி

இவர் வேலைக்குப் போனதும் இருவரும் அந்த அறைக்குள் போனோம். முதல் வேலையாக ஜன்னல் கம்பளியைப் பிடுங்கினேன். செத்த கரப்பான் ஒன்று விழுந்தது.

"நீங்களும் இழுத்தீங்க, நானும் இழுத்தேன்னா, ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி எப்படி வரும்?" என்றாள். "எங்க லேப்ல சந்தேகம் வந்தா மெஷினுக்கு வெறும் தண்ணியைக் கொடுப்போம் அண்ணி. அதுலயும் சர்க்கரை காட்டினா, வியாதி மெஷினுக்கு."

வெறும் தண்ணிக்கு இங்கே எங்கே போவது? அவளே யோசித்தாள். கம்ப்யூட்டரில் தாளம் எண்ணுவதற்கு 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் இருக்கிறது. அதை ஓடவிட்டு, ஹெட்போனை யார் காதிலும் மாட்டாமல் மைக்கின் மேலேயே கவிழ்த்து வைத்தாள். ஹெட்போனில் வருகிற டிக்கை மைக் கேட்டுப் பதிந்துகொள்ளும். நாங்கள் மூச்சுவிடாமல் நின்றோம். பிறகு இரண்டையும் சேர்த்துப் போட்டோம்.

டிக்-டிக். டிக்-டிக்.

ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டியது, இரண்டு இரண்டாகக் கேட்டது. அறையில் யாரும் பாடவே இல்லை. ஆனாலும் இழுக்கிறது!

அலமாரியிலிருந்து பழைய ஒயர் ஹெட்போனைத் தூசி தட்டி எடுத்து அதையே திரும்பச் செய்தோம். ஒரே ஒரு டிக். கிட்டத்தட்ட ஒன்றுதான். நான் அப்படியே அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் அதற்குள் திரையில் வேறு ஒன்றைக் கண்டுபிடித்தாள். எங்கள் குரல் இருக்கும் கோடுகள் பாடிய இடத்தில் இல்லை. இரண்டையும் யாரோ கையால் முன்னால் இழுத்து வைத்திருக்கிறார்கள்.

இவர் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவிடவில்லை. டிக்-டிக்கைப் போட்டுக் காட்டினேன். முதலில் முழித்தார். பிறகு உட்கார்ந்தார்.

"லேட்டன்சின்னு பேராம். ஒயர் இல்லாத ஹெட்போன்ல பாட்டு காதுக்கு வந்து சேரவே நேரம் ஆகுமாம். நீங்க கேக்கறதே லேட்டு, அதனால பாடறதும் லேட்டா விழுது. போன சனிக்கிழமை கடைக்காரன் சொல்லித்தான் எனக்கே தெரியும்."

"தெரிஞ்சதும் சொல்ல வேண்டியதுதானே?"

"எதுக்கு வீணா பிரச்சினைன்னு நானே அட்ஜஸ்ட் பண்ணிட்டேன். ரெண்டு குரலையும் முன்னாடி தள்ளி வச்சேன்."

"நாங்க ஏற்கெனவே முந்திப் பாடிட்டோம். அதை நீங்க இன்னும் முன்னாடி தள்ளிட்டு, முந்துதுன்னு எங்களையே சொல்றீங்க."

"பொதுவாத்தானே சொன்னேன்."

நாத்தனார் குறுக்கே வந்தாள். "சரி, அது மெஷின். நாங்க ஒருத்தரை ஒருத்தர் குறை சொன்னதா சொன்னியே, அது?"

இவர் சட்டைப் பொத்தானைத் திருகினார். "நான் சொன்னா ரெண்டு பேரும் கோச்சுக்குவீங்க. அவ சொன்னா இவ கேப்பா, இவ சொன்னா அவ கேப்பான்னு... அதுவும் ஒரு அட்ஜஸ்ட்மென்ட்தான்."

"உங்க லிஃப்ட் எல்லா மாடியிலயும் ஒரே அளவு கீழ நின்னா," என்றேன், "மாடியையா இடிப்பீங்க?"

முகம் சிவந்தது. அவருக்குப் புரியக்கூடிய ஒரே பாஷையில் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. சந்தோஷமா எனக்கு? இல்லை. அருவருப்புதான் வந்தது, அவர்மேல் மட்டுமில்லை. அவர் எங்களுக்குத் தெரியாமல் கோட்டை நகர்த்தினார். அவள் எனக்குத் தெரியாமல் பஸ்ஸில் பழகினாள். நான் அவளுக்குத் தெரியாமல் இஸ்திரி மெஷினோடு பழகினேன். ஒரே கோணலை மூன்று பேரும் மூன்று மூலையில் ரகசியமாக அட்ஜஸ்ட் செய்திருக்கிறோம். ஒரு வாய் வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்த வார்த்தையைக் கேட்கிறேன். தண்ணீர் வரவில்லையா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. இடம் இல்லையா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. நானும் அதைப் பெரிய குணம் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

கம்பளி வேண்டாம், ஹெட்போன் வேண்டாம் என்று கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்று, போனை மேசைமேல் வைத்துப் பாடிப் பார்த்தோம். இவரை வெளியே அனுப்பிவிட்டோம்.

வரவில்லை.

அவள் ஓடுவாளோ என்று நான் பார்க்கிறேன், நான் ஓடுவேனோ என்று அவள் பார்க்கிறாள். ஒரு வரி தயங்கித் தயங்கி வருகிறது, அடுத்த வரி பிய்த்துக்கொண்டு போகிறது. "துணி மடிச்சுக்கிட்டே பாடுவோமா?" என்றாள். வீட்டிலுள்ள துணியையெல்லாம் கொட்டி மடித்தோம். அவள் பெட்டி நிறைந்துவிட்டது, ஓரமெல்லாம் அழகாகச் சேர்ந்துவிட்டது, பாட்டு மட்டும் சேரவில்லை. கடைசியில் அவள் தொண்டையும் கட்டிக்கொண்டது. போனில் பதிந்ததையெல்லாம் அழித்துவிட்டோம்.

எங்களுக்குள் இருந்த ஒன்றைச் சுத்தமாகப் பதிகிறேன் பேர்வழி என்று கெடுத்துத் தொலைத்தார். கறை எடுக்கிறேன் என்று துணியையே ஓட்டை போடுகிறவர்களைக் கடையில் தினம் பார்க்கிறேன்.

மார்ச் 24, செவ்வாய்

போய்விட்டாள்.

வாசலில் டாக்சி நின்றது. "எதுவா இருந்தாலும் இனிமே என்கிட்டயே சொல்லுங்க அண்ணி. நானும் உங்ககிட்டயே சொல்றேன்" என்றாள். சரி என்றேன். இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் பின்னால் மெதுவாக வந்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

பாட்டு ஒன்றுகூட இல்லை.

மார்ச் 29, ஞாயிறு

கம்பளிகளையெல்லாம் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். வெளியே வந்த தண்ணீரைப் பார்க்க வேண்டுமே, கரி கரைத்த மாதிரி. இதற்குள்தான் அந்தப் பெண் இவ்வளவு நாள் தூங்கியிருக்கிறாள்.

பரிசோதனைக் கூடத்துப் பெண் ஒருத்தி ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். அன்று கேன்டீனில் பாடியது. நாங்கள் இருவரும் சேர்ந்து பாடிய பதிவு என்று உலகத்திலேயே இருப்பது இது ஒன்றுதான். பார்த்தேன். இரண்டு பொம்பளைகள் தீப்பிடித்த வீட்டிலிருந்து ஓடுகிறவர்கள் மாதிரி. முடியும்போது என் முகத்தில் இருக்கும் கோபம், அவள் முகத்தில் இருக்கும் கோபம், பின்னால் அத்தனை பேர் சிரிப்பு. திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

இவர் எட்டிப் பார்த்தார். "வேணும்னா இதைக் கம்ப்யூட்டர்ல போட்டு மெதுவாக்கி..."

"தொடாதீங்க" என்றேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

அவள் வீடியோவில் கூப்பிட்டாள். அறை சின்னது, ஜன்னல் பெரியது என்று காட்டினாள். பேசிக்கொண்டே இருந்தவள், "பாடிப் பாப்போமா அண்ணி?" என்றாள்.

கேட்க வேண்டுமா. போனிலும் அதே பீடை! நான் பாடுவது அவளுக்கு லேட்டாகப் போகிறது, அவள் பாடுவது எனக்கு லேட்டாக வருகிறது. அவளுக்காக நான் நின்றேன், எனக்காக அவள் நின்றாள். பாட்டு மெதுவாகி மெதுவாகி, கடைசியில் இருவரும் வாயைத் திறந்துகொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றுபோனது. இது எங்கே போனாலும் நம்மை விடாது போலிருக்கிறது என்றேன். அவள் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

"ரெண்டு பேருக்கும் சரியா வராது அண்ணி. அது நடக்காது. ஆனா ஒருத்தருக்குச் சரியா வரும்" என்றாள் எடுத்த எடுப்பில்.

அவள் சொன்னது இது. ஒருத்தி எதையும் கேட்காமல், சுவரைப் பார்த்துப் பாடுகிற மாதிரி நேராகப் பாடிக்கொண்டே போக வேண்டும். மற்றவள் காதில் விழுவதோடு சேர்ந்து பாட வேண்டும். சேர்ந்து பாடுகிறவளுக்கு எல்லாம் பொருந்திக் கேட்கும். முன்னால் போகிறவளுக்குத்தான் மற்றவள் குரல் இழுத்துக்கொண்டு பின்னால் வரும், அசிங்கமாக இருக்கும், நிற்கக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது, ஓடவும் கூடாது.

"இன்னைக்கு நான் சகிச்சுக்கிறேன். நீங்க என்கூட வாங்க."

வந்தேன். முதல் வரியிலிருந்து கடைசிச் சரணம் வரை, விரிப்பின் அந்த முனையில் அவள் நிற்கிற மாதிரியே இருந்தது. ஒரு எழுத்து பிசகவில்லை.

"எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"ரொம்ப நல்லா. உனக்கு?"

"கேவலமா இருந்துச்சு அண்ணி" என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் சிரித்தாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

இன்று என் முறை. சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன்: "இன்னைக்கு நான் சகிச்சுக்கிறேன்."

அலமாரியில் கிடந்த அந்தப் பழைய ஒயர் ஹெட்போனை இவரே எடுத்து, துணியால் துடைத்து, போனில் செருகிக் கொடுத்தார். ஒரு பக்கத்தை நானும் மறு பக்கத்தை அவரும் காதில் வைத்துக்கொண்டோம். வாடை இல்லை.

நான் எடுத்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் அவள் இழுத்துக்கொண்டே வந்தாள். 'சத்தம்' என்று நான் முடித்து அடுத்த சொல்லுக்குப் போன பிறகு அவளுடைய 'சத்தம்' வந்தது. பல்லைக் கடிக்க வேண்டும் போலிருந்தது. பாடும்போது பல்லைக் கடிக்கவும் முடியாது. இவர் முகம் சுளித்தது தெரிந்தது, லிஃப்ட் தரை ஏறி நிற்கிற முகம். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

எனக்கும் சகிக்கவில்லைதான். கடைசி வரை பாடினேன்.

முடிந்ததும் போனில் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் முறை.